பதினொன்றரை

துறைமுகத்துக் கிரேன்களில் ஒட்டிய பனி
இன்னும் உதிரவில்லை.
கிளைபேடாவில் பிப்ரவரி என்றால்
காலை எட்டு மணியும் இரவின் மிச்சம்தான்.

முதல் அழைப்பு கிடங்கிலிருந்து.
"திரை செத்துப்போச்சு" என்கிறார் ரிம்கவுதாஸ்.
வயர் செருகியிருக்கிறதா?
செருகியிருக்கிறதாம். சத்தியமாம்.
மூன்று மாடி இறங்கி
கண்டெய்னர்களுக்கு நடுவே
காது உறைய நடந்து போய்ப் பார்த்தால்
திரையின் இடத்தில்
கெட்டில் குடியேறியிருக்கிறது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் ஒன்றும் சொல்லாமல் தேநீர் ஊற்றினார்.
டிக்கெட்டில் எழுதினேன்:
மின் இணைப்புக் கோளாறு. சரிசெய்யப்பட்டது.

எல்வீராவின் கணினிக்கு
என் காலடிச் சத்தம் தெரியும்.
காலையிலிருந்து அவளை அழவைத்தது
நான் நாற்காலி இழுத்து உட்கார்ந்ததும்
வாத்தியார் நுழைந்த வகுப்பாகிவிடுகிறது.
"பொய் சொல்றேன்னு நெனைக்கிறியா?"
இல்லை என்கிறேன்.
"உன் போட்டோ ஒண்ணு குடு,
இதும்மேல ஒட்டி வெச்சுக்கிறேன்."

கீபோர்டுகளைக் கவிழ்த்துத் தட்டுகிறவனுக்கு
இந்த அலுவலகத்தில் ரகசியம் குறைவு.
கறுப்பு ரொட்டித் துகள், நகத்துண்டு,
ஒரு சிவப்புக் கம்மலின் கல்.
அடியில் ஒட்டிய மஞ்சள் தாளில்
முன்னாள் கணவனின் பெயரும்
பிறகு ஓர் ஆச்சரியக்குறியும்.
கடவுச்சொல்லில் குறியீடு கட்டாயம் என்று
விதி போட்டது நாங்கள்தான்.

ஒன்பது ஐந்துக்கு
மனிதவளத்திலிருந்து ஒரு டிக்கெட்:
கணக்கு முடக்கம்.
பெயர் கெனொவைத்தே, சரக்குப் பதிவுப் பிரிவு.
நேரம் 11.30.
பயனருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம்.

ஒன்பது நாற்பதுக்கு
கெனொவைத்தேயே கூப்பிட்டாள்.
"ரெண்டாவது திரை வந்துடுச்சாமே?"

வந்துவிட்டது.
பதினோரு வாரமாக அவள் கேட்டது.
முன்னுரிமை குறைவு, முன்னுரிமை குறைவு என்று
நானே பதினோரு முறை தள்ளிவைத்தது.
என் மேசைக்கடியில்
அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
நாளைக்கு என்று சொல்லியிருக்கலாம்,
அதைவிட மோசமான சொல்
அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

உயரம் சரிபார்த்தேன். கழுத்து வலிக்குமே என்று
இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னாள், இறக்கினேன்.
இடப்பக்கம் கப்பல்கள், வலப்பக்கம் ரசீதுகள்.
மவுஸை நகர்த்தினாள். அம்பு
ஒரு திரையின் ஓரத்தில் மறைந்து
மற்றதில் முளைத்தது.
சிரித்தாள்.
திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவந்தாள்.
திரும்ப அந்தப் பக்கம்.
நான் மேசைக்கடியில் குனிந்து
ஏற்கெனவே இறுக்கிய திருகை
இன்னொரு முறை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரை ஆயிற்று.
பொத்தான் மேல் விரல் இருந்தது.
11.31.
11.34.
பத்து நிமிடம் என்பது
நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக்கூடிய
அதிகபட்ச விடுமுறை.
11.40க்கு அழுத்தினேன்.
தாமதத்துக்குக் காரணம் கேட்டது கணினி.
வலையமைப்பு மந்தம் என்று எழுதினேன்.

மதியம்தான் பார்த்தேன்.
ஒவ்வொரு டிக்கெட்டும் மூடியதும்
தானாகப் போகும் கருத்துக்கேட்புப் படிவம்
அவளுக்கும் போயிருக்கிறது.
யாருமே நிரப்பாத அதை
உட்கார்ந்து நிரப்பியிருக்கிறாள், 11.37க்கு.
ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம்.
குறிப்பு: இப்போது கழுத்தைத் திருப்பாமல் எல்லாம் தெரிகிறது.

நான் கொடுத்த பத்து நிமிடத்தை
என்னிடமே செலவழித்திருக்கிறாள்.

திரையைக் கழற்றி எடுத்துவரும்படி
நாலு மணிக்கு ஒரு டிக்கெட் வந்தது.
முன்னுரிமை: குறைவு.
அப்படியே இருக்கட்டும்,
பதினோரு வாரம்.

தொலைபேசி.
கிடங்கு.
திரை மறுபடி செத்துப்போச்சாம்.
கெட்டிலா என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"கெட்டில்தான்" என்றார் ரிம்கவுதாஸ்,
"வாயேன், தண்ணி கொதிச்சுடுச்சு."